போடாத மூன்று ஊசிகள்

இடுப்பு மூட்டு மாற்றி ஐந்தாம் நாள், இனி வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள். சத்திரசிகிச்சைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. ஆசுபத்திரி வாட்டில் ஏதாவது ஒன்றென்றால் கூப்பிடத் தாதி இருந்தார். வீட்டில் இருக்கப்போவது என் கணவர் மட்டும். களப்பில் இறால் பிடிக்கிற மனிதர். காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பதைத் தாண்டி அவருக்கு ஒரு வைத்தியமும் தெரியாது. ஒரே மகள் மன்னாரில், எட்டு மாதக் கர்ப்பிணி. அவளை வரவேண்டாம் என்று நானே தடுத்திருந்தேன்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில், எங்கள் மாதா கோயிலுக்குப் பக்கத்து முன்பள்ளியில், இருபத்திரண்டு வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். அந்த வருடங்களில் பெரும்பகுதி நிலத்திலும், பிள்ளைகளின் முழங்கால் உயரக் கதிரைகளிலும் கழிந்தது. இடுப்பு நோ எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யுத்தத்துக்குப் பிறகு முகாமில் கூடாரத்துக்குள் வெறும் நிலத்தில் படுத்த மாதங்களில்தான் முதலில் உணர்ந்தேன். பிறகு அது போயும் வந்துமாக இருந்தது. கடைசி இரண்டு வருடம் போகவேயில்லை. கோயிலில் முழங்காலில் நிற்க முடியாமல் போனது. பிறகு படியேற முடியவில்லை. பிறகு ஒருநாள் காலையில் கட்டிலால் எழும்ப முடியவில்லை. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டொக்டர், “பந்து முழுக்கத் தேஞ்சு போச்சுது அம்மா. மாத்தத்தான் வேணும்” என்றார். எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது.

வவுனியாவில்தான் சத்திரசிகிச்சை நடந்தது. அது முடிந்து மூன்றாம் நாள் மத்தியானம், பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கு முன்னால் சத்தம் வந்தது. வாட்டுக் கதவு திறக்கும் முன்பே, தாழ்வாரத்தில் அவர் கத்திக்கொண்டு வருவது கேட்டது. பிள்ளைப்பேற்றுக்குக் கத்துவதை நான் கேட்டிருக்கிறேன், ஷெல் விழுந்த இடத்தில் கத்துவதையும் கேட்டிருக்கிறேன். இது இரண்டிலும் சேராதது. தள்ளுகட்டிலின் சில்லு சின்ன மேடு ஒன்றில் ஏறும்போதெல்லாம் அந்தச் சத்தம் உயர்ந்து இறங்கியது.

மயக்கிப் படுக்கவைத்து ஏதோ செய்துவிட்டுப் பின்னேரம் திரும்பக் கொண்டுவந்தார்கள். விழித்ததும் அவரே கதைத்தார். நெளுக்குளம் பக்கத்து முஸ்லிம் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒரு மாதத்துக்கு முன் அவருக்கும் இதே சத்திரசிகிச்சை நடந்திருந்தது.

“சோப்பு விழுந்திச்சு தங்கச்சி” என்றார். “குனிஞ்சு எடுத்தன். அவ்வளவுதான் செஞ்சன். ‘டக்’ எண்டு ஒரு சத்தம். பார்த்தா, என்ர கால் உள்ளுக்குத் திரும்பி நிக்குது. வேற ஆரோட காலோ மாதிரி.”

“என்ன நடந்தது ராத்தா?” முஸ்லிம் அக்காமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“மூட்டு கழண்டு போச்சு. இப்ப இழுத்துப் பூட்டியிருக்கிறாங்க. இன்னொருக்காக் கழண்டா வெட்டித்தான் பார்க்கவேணுமாம்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். “நீங்க பயப்படாதீங்க. நீங்க குனியாட்டிச் சரி.”

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. பயிற்சி சொல்லித்தர வருகிற பிசியோ பிள்ளை அடுத்த நாள் கட்டிலருகில் நின்று விரல் மடக்கிச் சொன்னாள். “இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேலை மடிக்கக்கூடாது அம்மா. பதிவான கதிரையிலை இருக்கக்கூடாது. காலுக்கு மேலை கால் போடக்கூடாது. திரும்பேக்கை இடுப்பை முறுக்காதேங்கோ. படுக்கேக்கை ரெண்டு காலுக்கும் நடுவிலை தலையணை வைக்கவேணும்.” இவற்றை ஒரு சொல் தவறாமல் மனப்பாடம் செய்தேன். அதற்குப் பிறகும் அவள் சொன்னாள். மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்டவேண்டும், வோக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலைந்து தரம் நடக்கவேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். அவையும் காதில் விழுந்தன. செய்யக்கூடாதவை மட்டும்தான் உள்ளே போயின.

வீட்டுக்குப் போகும் நாளில், ஒரு தாதி என் கணவரைக் கட்டிலருகில் கூப்பிட்டு ஊசி போடும் விதத்தைக் காட்டினார். இரத்தம் கால் நாளத்தில் உறைந்துவிடாமல் இருக்கத் தினமும் ஒரு ஊசி. மருந்து ஏற்கெனவே நிரப்பி வரும். தொப்புளிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி, தோலை நுள்ளிப் பிடித்து, நேராக இறக்கவேண்டும். தாதி ஒரு நிமிடத்துக்குள் போட்டு முடித்தார்.

“விளங்கிச்சுதோ ஐயா?”

“ஓம் மிஸ்” என்றார் அவர். அவருடைய நெற்றி வேர்த்திருந்ததை நான்தான் கண்டேன்.

வாடகைக்குப் பிடித்த வானின் முன் இருக்கையைப் பின்னால் சரித்து, இரண்டு தலையணை போட்டு உயர்த்தி, என்னை ஏற்றினார்கள். ராத்தா தன் கட்டிலிலிருந்து கையசைத்தார். என் தொலைபேசி இலக்கத்தை முன்னமே வாங்கி வைத்திருந்தார். “ஒவ்வொரு நாளும் எடுப்பன்” என்றார்.

கண்டி வீதியில் ஓடும்வரை பெரிதாகக் குலுக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு பாலத்தடிக்கும் முன்னால் “மெல்ல, தம்பி, மெல்ல” என்று சாரதியைக் கேட்டுக்கொண்டே வந்தேன். புளியங்குளத்தில் அவர் தேநீர் குடிக்க வானை நிறுத்தினார். எனக்குச் சிறுநீர் கழிக்கவேண்டியிருந்தது. கடைக்குப் பின்னால் மலசலகூடம் இருந்தது, ஆனால் குந்துகிற வகை. கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினார்.

“அடக்குவியோ?”

“அடக்குவன்.”

“தண்ணி கொஞ்சம் குடி.”

“வேண்டாம். குடிச்சால் இன்னும் வரும்.”

நெடுங்கேணி தாண்டியபிறகு வீதி குண்டும் குழியுமானது. ஒவ்வொரு குழியிலும் ‘டக்’ என்ற அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தொடையை அமத்திப் பிடித்தபடி இருந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது விரல்களை விரிக்க முடியவில்லை.

நான் ஆசுபத்திரியில் கிடந்த நாட்களில் அவர் வீட்டைத் தயார் செய்திருந்தார். கட்டிலின் நாலு காலுக்கும் கீழே சீமெந்துக் கல் வைத்து உயர்த்தியிருந்தார். ஆடுகிறதா என்று பார்க்கத் தான் ஏறி உருண்டு பார்த்ததாகச் சொன்னார். நிலத்திலிருந்த பாயையும் கால்மிதியையும் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டிருந்தார். அறையின் மூலையில், நடுவில் துளையும் கீழே வாளியும் கொண்ட பிளாஸ்ரிக் கதிரை ஒன்று இருந்தது. எங்கள் மலசலகூடம் வெளியில், கிணற்றுக்கு அந்தப் பக்கம். அதுவரை நடக்க முடியாது. அங்கேயும் குந்தத்தான் வேண்டும்.

அந்தக் கதிரையை நான் வெறுத்தேன். முப்பத்தாறு வருடம் ஒன்றாக வாழ்ந்திருக்கிறோம். பதுங்கு குழிக்குள் வாழ்ந்திருக்கிறோம். ஆனாலும் என் வாளியை அவர் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க முடியவில்லை. அவர் அதைப்பற்றி ஒன்றும் சொன்னதில்லை. மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டப்போகிறவர்போலத்தான் போனார். நான்தான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் கதிரையில் இருந்து எழும்பும் கணத்தில்தான் இடுப்பு அதிகம் மடியும் என்ற பயமும் இருந்தது. ஆகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். காலையில் ஒரு கோப்பைத் தேநீர். மத்தியானம் மருந்துக் குளிசைக்கு ஒரு மிடறு. கதிரைக்குப் போவது நாளுக்கு இரண்டு தரமாகக் குறைந்ததும், கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நடப்பதையும் அப்படித்தான் குறைத்தேன். காலை ஒருமுறை வோக்கரைப் பிடித்துக்கொண்டு யன்னல்வரை போய் வந்தால் போதும் என்று எனக்கு நானே முடிவெடுத்தேன். மிச்ச நேரம் மல்லாந்து கிடந்தேன். கால்களுக்கு நடுவில் தலையணை. கையில் செபமாலை. பாதத்தை ஆட்டினால்கூட மூட்டு அசையுமோ என்று பயம்.

முதல் ஊசியை மறக்க முடியாது. அன்று காலையில் குசினியில் ஏதோ குத்துகிற மெல்லிய சத்தம் கேட்டது. “என்ன செய்யிறியள்?” என்று கூப்பிட்டேன். பிறகு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பப்பாப்பழம். அதன் தோல் முழுக்கத் துளைகள். வாட்டில் பழகுவதற்கென்று கொடுத்த வெற்று ஊசியால் குத்திப் பார்த்திருக்கிறார்.

“இதுக்குச் சுகமாய் இறங்குது” என்றார்.

மருந்து ஊசியை எடுத்து, மூடியைக் கழற்றி, என் வயிற்றுத் தோலை நுள்ளிப் பிடித்தார். அவருடைய விரல்கள் வலைக்கயிறு இழுத்துக் காய்த்துப்போனவை. ஒருமுறை தூண்டில் முள் உள்ளங்கைக்குள் ஏறியபோது, முனையை அந்தப் பக்கத்தால் தள்ளி வெளியே எடுத்து, வெட்டிவிட்டு, அதே கையால் சோறு சாப்பிட்டவர். அந்தக் கை அன்று நடுங்கியது. ஊசி பாதி இறங்கி நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கண்ணைத் திறவுங்கோ!” என்று கத்தினேன்.

எப்படியோ மருந்து இறங்கியது. இழுத்தெடுக்கும்போது சரிந்து கிழித்துவிட்டது. சின்ன இரத்தம்தான். அவர் கட்டில் ஓரத்தில் இருந்து, தலையைக் கீழே போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், போட்ட இடம் ஊதா நிறமாகக் கன்றியது. ஊர் மருத்துவமாது வழியில் எட்டிப் பார்த்தபோது, கன்றுவது வழமைதான், இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். தினமும் வர அவரால் முடியாது, அவருக்கு நாலு கிராமம். ஓட்டோவில் ஆசுபத்திரிக்குப் போய்ப் போடலாம்தான். ஓட்டோவின் இருக்கை பதிவானது, இருந்தால் இடுப்பு அதிகம் மடியும். அதை நினைத்தாலே எனக்கு ராத்தாவின் சத்தம் கேட்கும்.

நாலாம் நாள் இரண்டு தரம் குத்தவேண்டி வந்தது. முதல் குத்தில் நான் துள்ளிவிட்டேன். துள்ளியதில் இடுப்பு கழன்றுவிட்டது என்று நினைத்து நான் அழ, என்னைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்து அவர் வெளியே ஓடிப்போய் முற்றத்தில் நின்றார். பிறகு திரும்பி வந்து போட்டார்.

ஐந்தாம் நாள் காலை, ஊசிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகில் நின்றார். சவரம் செய்யவில்லை. கண் சிவந்திருந்தது.

“இண்டைக்கு என்ர கை ஓடாது போலை கிடக்குது” என்றார்.

நான் அந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

“அப்ப இண்டைக்கு விடுவம்” என்றேன். “ஒரு நாளிலை என்ன வரப்போகுது? நோவும் குறைவாத்தான் இருக்குது.”

“ஓமோ?”

“ஓம். நாளைக்குப் பாப்பம்.”

அவர் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அன்று இரண்டு பேரும் சிரித்துக் கதைத்தோம். அவர் இறால் குழம்பு வைத்தார். இத்தனை நாளில் நான் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான். அடுத்த நாள் அவர் பெட்டியை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஊசி என்ற சொல்லே வீட்டுக்குள் எழவில்லை.

ராத்தா சொன்னபடி தினமும் எடுத்தார். அவரும் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார். அவருடைய கேள்விகள் மாறுவதில்லை. சாப்பிட்டீங்களா, நடந்தீங்களா, ஊசி போட்டீங்களா. அந்த மூன்று நாளும் “ஓம் ராத்தா, போட்டாச்சுது” என்றேன். முன்பள்ளியில் பொய் சொன்ன பிள்ளைகளை நான் கண்டித்திருக்கிறேன். பொய் இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த மூன்றாம் நாள் பின்னேரம், சத்திரசிகிச்சை செய்த காலின் கெண்டைச் சதை இழுத்தது. வெறும் சதைப்பிடிப்பு என்று நினைத்தேன். கணவர் தேய்த்துவிட வந்தார், வேண்டாம் என்றேன். மறுநாள் விடியும்போது கெண்டை இறுகிக் கல்லாக இருந்தது. தோல் பளபளத்தது. மற்றக் காலோடு ஒட்டிப் பார்த்தால் கணுக்கால் காணாமல் போயிருந்தது. கையை வைத்தால் சூடு.

அது என்னவென்று எனக்குத் தெரியும். வாட்டில் தந்த தாளில் இருந்தது. வீங்கினால், சூடானால், நொந்தால் உடனே வரவும். தாளைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். எடுத்து வாசிக்கவில்லை. போர்வையைக் காலுக்கு மேலால் இழுத்து மூடினேன். திரும்ப அந்த வானில் ஏறவேண்டும். திரும்ப வெட்டுவார்கள். ஊசி ஏன் போடவில்லை என்று எல்லோருக்கும் முன்னால் அவரைக் கேட்பார்கள். மறுநாள் எப்படியும் தையல் வெட்டப் போகவேண்டும், அப்போது சொன்னால் போதாதா? இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு, கணவர் அறைக்குள் வரும்போதெல்லாம் கண்ணை மூடி நித்திரைபோலக் கிடந்தேன்.

பத்து மணிக்கு ராத்தா எடுத்தார்.

“ஏன் சத்தம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்டுமில்லை ராத்தா.”

“கால் வீங்கியிருக்கா?”

போர்வையை இன்னும் மேலே இழுத்தேன்.

“தங்கச்சி, போனை உங்கட மாப்பிள்ளைக்கிட்டக் குடுங்க.”

கொடுக்காமல் வெட்டியிருக்கலாம். கை தானாக நீண்டது. கணவர் வாசலில் நின்றார், வாங்கிக் காதில் வைத்தார். அவர் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. “ஓம்… இல்லை அக்கா… மூண்டு நாள் போடேல்லை.” பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கும் கேட்டது. வாட்டில் கத்தியதைவிடப் பலமாகக் கத்தினார்.

“ரத்தக்கட்டி நெஞ்சுக்குப் போனா என்ன செய்வீங்க? இப்ப போங்க! இப்பவே!”

கணவர் வந்து போர்வையை விலக்கினார். காலைப் பார்த்தார். போனை எடுத்து அம்புலன்சுக்கு அழைத்தார்.

அது வரும்வரையான முக்கால் மணி நேரம்தான் என் வாழ்க்கையிலேயே மிக நீண்டது என்பேன். நெஞ்சுக்குப் போகும் என்று ராத்தா சொன்னதிலிருந்து, ஒவ்வொரு மூச்சையும் எண்ணி எடுத்தேன். கொஞ்சம் ஆழமாக இழுத்தால் நெஞ்சில் ஏதோ குத்துவதுபோல் இருந்தது. குத்துகிறதா, நானே நினைக்கிறேனா என்று தெரியவில்லை. மாதா படத்தைப் பார்த்தேன். செபம் வாயில் வரவில்லை. பிறக்கப்போகிற பேரப்பிள்ளையின் முகத்தை நினைக்க முயன்றேன். முகம் இல்லாத ஒன்றைத்தான் நினைக்க முடிந்தது. அதுவும் பயமாக இருந்தது.

அம்புலன்சுக்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருந்தார்.

“டொக்டர் கேட்டால் நான்தான் போடேல்லை எண்டு சொல்லுவன். நீ பேசாமல் இரு” என்றார்.

“நான்தானே வேண்டாம் எண்டனான்.”

“நான் போட்டிருந்தால் நீ என்ன, எழும்பியோ ஓடியிருப்பாய்?”

பக்கத்தில் இருந்த அம்புலன்ஸ் பணியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு யன்னலைப் பார்த்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

கிட்டவிருந்த ஆசுபத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர் காலை அளந்தார். நாடாவை முதலில் ஒரு கெண்டையிலும் பிறகு மற்றதிலும் சுற்றினார். அளவை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“குடுத்த ஊசி ஒவ்வொரு நாளும் போட்டனீங்களோ அம்மா?”

“மூண்டு நாள் போடேல்லை” என்றார் கணவர். “என்ர பிழை. கை நடுங்கிச்சுது.”

“நான்தான் போடவேண்டாம் எண்டு சொன்னனான் டொக்டர்.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். “நடக்கிறனீங்களோ? தண்ணி எவ்வளவு குடிக்கிறனீங்கள்?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். யன்னல்வரை ஒருமுறை நடப்பதையும், ஒரு கோப்பைத் தேநீரையும்.

“ஏன் அம்மா?”

“இடுப்பு கழண்டிடும் எண்டு பயம்.”

பேனையை மூடி வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் கையூன்றி என்னோடு கதைத்தார். “கழண்டால் திரும்பப் பூட்டலாம் அம்மா. ரெத்தக்கட்டி மேலை போனால் எங்களாலை ஒண்டும் செய்யேலாமல் போகவும் கூடும்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அங்கேயே ஒரு ஊசியைப் போட்டு, ஸ்கானுக்காக வவுனியாவுக்கு அனுப்பினார்.

அதே வீதியால், அதே குழிகளால் போனோம். இந்த முறை இடுப்பைப் பிடிக்கவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு போனேன். புளியங்குளத்தில் திரும்பியபோது, கணவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் வாயில் வைத்தார். முழுவதையும் குடித்தேன்.

ஸ்கான் செய்தவர் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியால் தொடையிலிருந்து கீழ்நோக்கி அமத்திக்கொண்டே வந்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தையே பார்த்தேன். முழங்கால்வரை முகத்தில் ஒன்றுமில்லை. முழங்காலுக்குக் கீழே வந்ததும் கை நின்றது. அதே இடத்தை நாலைந்து தரம் அமத்தினார்.

கெண்டை நாளத்தில் கட்டி இருந்தது. முழங்காலுக்கு மேலே ஏறவில்லை, நெஞ்சில் ஒரு கோளாறும் தெரியவில்லை என்று வாட்டு டொக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் கணவர் தாழ்வாரத்து மர வாங்கில் போய் இருந்துகொண்டு அழுதார் என்று பிறகு ஒரு தாதி சொன்னார். என்னிடம் வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

ஒன்பது நாள் வாட்டில் இருந்தேன். இப்போது நாளுக்கு இரண்டு ஊசி. மூன்றாம் நாள், மூத்த தாதி ஒருவர் ஊசியை என் கையில் தந்தார்.

“இனி நீங்களே போடுங்கோ.”

“ஐயோ மிஸ், எனக்குக் கை நடுங்குது.”

“நடுங்கட்டும். நடுங்கிற கையாலையும் போடலாம். நடுங்கி முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தால்தான் போடேலாது.”

மூன்று தரம் கிட்டக் கொண்டுபோய்த் திருப்பினேன். நாலாம் தரம் இறக்கினேன். நானே போட்டபோது, நோவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். பயம் போகவில்லை. அடுத்த நாளும் முதலில் இரண்டு தரம் திருப்பினேன்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் ராத்தா எடுத்தபோது, மூன்று நாளும் அவரிடம் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். ராத்தா குரலைத் தாழ்த்தினார்.

“நானும் ஒண்டு சொல்லட்டா? ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. அண்டைக்குச் சோப்பு ஒண்டும் விழல்ல.”

“அப்ப?”

“கதிரையில இருந்துதான் தொழச் சொன்னாங்க. மார்க்கத்திலயும் அதுக்கு இடமிருக்கு, எனக்கு நல்லாத் தெரியும். ஒரு மாசம் அப்படித்தான் தொழுதன். அண்டைக்கு வீட்டில ஒருத்தரும் இல்ல. ஒரே ஒருக்கா நெத்தியை நிலத்தில வைப்பம் எண்டு இறங்கினன். பிள்ளைகள் ஏசுவாங்க எண்டு சோப்பு எண்டு சொல்லிட்டன்.”

முழங்காலில் நிற்க முடியாமல், கோயிலின் கடைசி வாங்கில் நான் இருந்த ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. “நெத்தி நிலத்திலை பட்டதோ ராத்தா?” என்று மட்டும் கேட்டேன்.

“பட்டது” என்றார். சிரித்தார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபிறகு எனக்கு நடக்கத்தான் வேண்டியிருந்தது. கணவர் அறையிலிருந்து கிணற்றடிவரை வழியைச் செதுக்கி, குருமணல் கொட்டி, அடித்து இறுக்கினார். மலசலகூடத்தில் குந்தாமல் கதிரைபோல இருக்கிற கொமட் பூட்ட ஆள் பிடித்தார். காலையும் மாலையும் வோக்கரோடு போய் வந்தேன். அவர் பின்னால் இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு வருவார், கோழி பிடிக்கிறவர்போல. “தள்ளிப் போங்கோ, எனக்குப் பயமாக் கிடக்குது” என்று நான் ஏசுவேன். “எனக்கும்தான்” என்பார். ஆறாம் கிழமை அவர் திரும்பக் களப்புக்குத் தொழிலுக்குப் போனார். தனியாக இருந்த அந்த முதல் காலை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றுவிட்டுத்தான் குசினிக்கு நடந்தேன். மூன்று மாதம் இரத்தத்தை இளக்கும் குளிசை எடுத்தேன். கால் வீக்கம் மெல்ல வற்றியது.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நிலத்தில் கால் நீட்டி இருந்து, பிள்ளையைக் காலில் வைத்துக் குளிப்பாட்ட என்னால் முடியவில்லை. சம்பந்தியம்மா குளிப்பாட்ட, நான் உயரக் கதிரையில் இருந்து துவாயை நீட்டி வாங்கித் துடைத்தேன்.

இப்போது ஓர் ஊன்றுபொல்லோடு நடக்கிறேன். சந்தைக்குப் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன். ஓட்டோவில் ஏறினால் இன்னமும் தொடையைப் பிடித்துக்கொள்கிறேன். கடற்கரை மணலில் மட்டும் இன்னும் இறங்கவில்லை. கால் புதையும், புதைந்தால் இடுப்பு திரும்பும். போன கிழமை கணவர் வள்ளத்தடியில் நின்று கையை நீட்டினார். “வா, நான் பிடிக்கிறன்.” வீதி முடிகிற இடத்தில், தார் மணலோடு சேருகிற விளிம்பில், பொல்லை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, “இண்டைக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.